வார்ப்பு அலுமினியத்தில் மணி பிடிக்கும் விதம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். ஐந்து நாள் விடாமல் பெய்த மழையில் எங்கள் சம்பாப் பயிர் நீரில் மூழ்கி நின்றது. வடிகாலும் நிரம்பியிருந்தபடியால் நீர் தானாக வடிய வழியில்லை. ஆயில் இஞ்சின் வைத்து இறைத்துக்கொண்டிருந்தபோது, இஞ்சினின் பக்க மூடி இரண்டாக விண்டுபோயிற்று. அது அலுமினிய வார்ப்பு. வந்து பார்த்த மெக்கானிக் உடைந்த முகத்தை என் தந்தையாரிடம் காட்டி, "பாருங்கண்ணே, ஆடி ஆடியே உள்ளுக்குள்ள சர்க்கரையாப் போச்சு" என்றார். உண்மையிலேயே அந்த உடைவில் கற்கண்டுத் தூள் போலச் சிறு சிறு முகங்கள் மின்னின. மாற்று மூடி வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் தாழ்ந்த வயலில் இருந்த பயிர் அழுகிவிட்டது.

இஞ்சினின் அதிர்வு நல்ல உலோகத்தைச் சர்க்கரையாக்கிவிடும் என்பதை நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். திண்மநிலை இயற்பியல் பாடம் படித்தபோதுதான் அது பிழை என்பது விளங்கிற்று. அந்தச் சர்க்கரை இஞ்சின் ஆடியதால் வந்ததன்று. மூடியை வார்த்த அன்றே, உருகிய அலுமினியம் உறைந்த அந்தச் சில நிமிடங்களிலேயே, அது அமைந்துவிட்டது. அந்தச் சில நிமிடங்களில் நடப்பது என்ன, அதனை மனிதன் எவ்வாறு தன் விருப்பப்படி திருப்புகிறான் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

உலோகமும் மணிகளும்

படிகம் என்றதும் நமக்கு உப்பும் கற்கண்டும் நினைவுக்கு வரும். ஆனால் நாம் வழங்கும் இரும்பு, செம்பு, அலுமினியம் யாவுமே படிகப் பொருள்கள்தாம். அலுமினியத்தில் அணுக்கள் கனசதுரங்களாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் அணுக்கள் இருக்கும். அதன் பக்கம் 0.405 நானோமீட்டர்.

இந்த அடுக்கு ஒரு வார்ப்பு முழுவதும் ஒரே திசையில் செல்வதில்லை. ஒரு பகுதியில் ஒரு திசையிலும், அடுத்த பகுதியில் வேறு திசையிலும் சாய்ந்திருக்கும். ஒரே சாய்வு உடைய ஒவ்வொரு பகுதியையும் ஒரு மணி என்கிறோம். இரு மணிகள் சந்திக்கும் இடம் மணி எல்லை. நெல்லுக்கு நாம் வழங்கும் சொல் இங்கும் பொருந்தி நிற்கிறது. ஆங்கிலத்திலும் தானியத்தைக் குறிக்கும் 'கிரெயின்' என்ற சொல்லையே உலோகத்திற்கும் வழங்குகின்றனர்.

மணிகளைக் காண நுண்ணோக்கி வேண்டும் என்பதில்லை. நம் வீட்டுப் பழைய ஜி.ஐ. வாளியை வெயிலில் திருப்பிப் பாருங்கள். பூப்பூவாகச் சில திட்டுகள் மின்னும், சில மங்கும். வாளியைத் திருப்பினால் மின்னியவை மங்கி, மங்கியவை மின்னும். இரும்புத் தகட்டின் மேல் பூசிய துத்தநாகம் உறையும்போது பிடித்த மணிகளே அப்பூக்கள். அணு அடுக்கின் சாய்வு வேறு வேறாக இருப்பதால் ஒளியை வேறு வேறு திசையில் திருப்புகின்றன. மூடியின் உடைவில் மின்னியதும் இதுவே. விரிசல் படிகத் தளங்களின் வழியே ஓடும்போது பளபளப்பான முகங்கள் வெளிப்படுகின்றன. மணி பெரிதானால் முகமும் பெரிதாகத் தெரியும்.

கருவின் பிறப்பு

தூய அலுமினியத்தின் உருகுநிலை 660 டிகிரி செல்சியஸ். வார்ப்பவர்கள் அதனை 700 டிகிரிக்கு மேல் சூடேற்றி அச்சில் ஊற்றுவார்கள். அது ஆறி 660 டிகிரிக்கு வந்த அக்கணமே உறைந்துவிடுமா? உறைவதில்லை. உறைதல் தொடங்க முதலில் ஒரு கரு வேண்டும்.

உருகிய உலோகத்தில் அணுக்கள் ஓயாமல் அலைகின்றன. அவற்றுள் சில நூறு அணுக்கள் தற்செயலாகத் திண்மத்தில் உள்ளவாறு அடுக்கி நிற்கலாம். இச்சிறு கூட்டத்திற்கு ஒரு வரவும் ஒரு செலவும் உண்டு. திண்மமாவதால் ஆற்றல் குறைகிறது. இது வரவு. இது கூட்டத்தின் பருமனைப் பொறுத்தது. அதாவது ஆரத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். திரவத்துக்கும் திண்மத்துக்கும் இடையே புதிய பரப்பு ஒன்று உண்டாவதால் ஆற்றல் வேண்டியிருக்கிறது. இது செலவு. இது ஆரத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். கூட்டம் மிகச் சிறிதாக இருக்கும்போது செலவே மிகுதி. எனவே அது கலைந்துவிடும். ஒரு குறிப்பிட்ட ஆரத்தைக் கடந்தால் வரவு மிகுந்து, அது மேலும் மேலும் வளரும். கடக்க வேண்டிய இந்த அளவு, உருகுநிலைக்குக் கீழே வெப்பநிலை இறங்க இறங்கக் குறைந்துகொண்டே வரும். இவ்வாறு உருகுநிலைக்குக் கீழே போயும் உறையாமல் திரவமாகவே நிற்பதை மீக்குளிர்வு என்பர். நீரில் இதனை 1724ஆம் ஆண்டிலேயே ஃபாரன்ஹீட் எடுத்துக்காட்டினார்.

1950ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் டேவிட் டர்ன்புல் உலோகங்களை மிகச் சிறு துளிகளாகப் பிரித்து உறையச் செய்து பார்த்தார். மாசு இல்லாத துளிகள், கெல்வின் அளவில் உருகுநிலையின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வரை கீழே இறங்கியும் திரவமாகவே நின்றன. அலுமினியத்திற்கு இது நூறு டிகிரிக்கும் மேல். ஆனால் பட்டறையில் வார்க்கும் அலுமினியமோ இரண்டு மூன்று டிகிரி இறங்குவதற்குள் உறையத் தொடங்கிவிடுகிறது. காரணம் என்ன? அச்சின் சுவரும், உலோகத்தில் மிதக்கும் நுண்துகள்களும் கரு பிடிக்க இடம் கொடுக்கின்றன. தயாராக உள்ள ஒரு பரப்பின் மேல் ஒட்டிக்கொண்டால் புதிய பரப்புக்கான செலவு குறைகிறதல்லவா? ஆகவே வார்ப்பில் எத்தனை மணிகள் பிறக்கும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இத்துகள்களே எனலாம்.

குளிர்வுக் கோடு சொல்லும் செய்தி

மெழுகின் உருகுநிலையைக் குளிர்வுக் கோட்டால் காணும் சோதனையை நாம் ஆய்வகத்தில் செய்திருக்கிறோம். இதே சோதனையை வார்ப்பாலைகளில், வெப்பமானிக்குப் பதிலாக வெப்பமின் இரட்டையை வைத்து, உருகிய அலுமினியத்தில் செய்கிறார்கள். வெப்பநிலை இறங்கி உருகுநிலைக்குச் சற்றுக் கீழே போகும். பின்பு மீண்டும் சிறிது மேலேறிச் சமநிலையில் நிற்கும்.

இந்தச் சிறு பள்ளமே மணிகள் பிறக்கும் வேளை. கருக்கள் வளரும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படுகிறது. ஒரு கிராம் அலுமினியம் உறைந்தால் ஏறத்தாழ 95 கலோரி வெளிவரும். ஒரு கிராம் நீர் பனிக்கட்டியாகும்போது வருவதோ 80 கலோரி. இவ்வெப்பம் சுற்றியுள்ள திரவத்தைச் சூடாக்கிவிடுவதால் அதன்பின் புதிய கருக்கள் பிறப்பது நின்றுபோகிறது. பிறந்தவை மட்டும் இடத்தைப் பங்கிட்டுக்கொண்டு வளர்கின்றன. பள்ளம் ஆழமாக இருந்தால் கருக்கள் அரிதாகக் கிடைத்தன என்று பொருள். மணிகள் பெருத்திருக்கும். பள்ளம் இல்லாமலே கோடு சமமாக ஓடினால் கருக்கள் ஏராளம். மணிகள் சிறுத்திருக்கும். வார்க்கும் முன்பே விளைச்சலைக் கணிக்க இக்கோடு உதவுகிறது.

கற்கண்டும் நாட்டுச் சர்க்கரையும்

நமக்குப் பழக்கமான இனிப்பில் இதனைக் காணலாம். பதநீரைக் காய்ச்சி, பாகை நூல் கட்டிய பாத்திரத்தில் அசையாமல் வாரக்கணக்கில் வைத்தால் நூலைப் பற்றிக்கொண்டு பெரிய பெரிய பனங்கற்கண்டு விளைகிறது. கரும்புப் பாகைக் கிளறிக் கிளறி விரைவாக ஆற்றினாலோ பொடிப் பொடியான நாட்டுச் சர்க்கரை கிடைக்கிறது. மெதுவாகவும் அமைதியாகவும் நடந்தால் கரு குறைவு, படிகம் பெரிது. விரைவாகவும் கலக்கத்துடனும் நடந்தால் கரு மிகுதி, படிகம் சிறிது. பாகில் நடப்பது கரைசலிலிருந்து படிகமாதல். உலோகத்தில் நடப்பது உருகிய நிலையிலிருந்து உறைதல். எனினும் கணக்கு ஒன்றே.

ஓரத்திலிருந்து நடுவுக்கு

ஒரு வார்ப்பைக் குறுக்கே அறுத்து, மெருகிட்டு, தக்க அமிலத்தால் அரித்துப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று பகுதிகள் தெரியும். அச்சின் சுவரை ஒட்டி மெல்லிய பொடிமணிப் பட்டை. குளிர்ந்த சுவரில் பட்ட உலோகம் திடீரென ஆறுவதால் அங்கே கருக்கள் கூட்டமாகப் பிறக்கின்றன. அடுத்து, சுவரிலிருந்து உள்நோக்கி நீண்ட தூண் போன்ற மணிகள். வெப்பம் வெளியேறும் திசைக்கு இசைவாகச் சாய்ந்த மணிகள் மட்டும் முந்தி வளர்ந்து, மற்றவற்றை மறைத்துவிடுவதால் இவை உண்டாகின்றன. நடுவில், எல்லாப் பக்கமும் ஏறத்தாழச் சமமாக வளர்ந்த மணிகள். வார்ப்பவருக்கு வேண்டியவை பெரும்பாலும் இந்த நடுப்பகுதி மணிகளே.

மணி உருண்டையாக வளர்வதுமில்லை. முதலில் ஒரு தண்டு, அதிலிருந்து செங்குத்தாகக் கிளைகள், கிளைகளிலிருந்து சிறு கிளைகள் என்று மரம் போல் வளர்கிறது. இதனை மரப்படிகம் எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்ய உலோகவியலார் செர்னோவ், நூறு டன் எடையுள்ள எஃகு வார்ப்பு ஒன்றின் உட்குழியில் கண்டெடுக்கப்பட்ட 39 சென்டிமீட்டர் நீளமுள்ள மரப்படிகத்தைப் பற்றி எழுதினார். பொதுவாக இக்கிளைகளை நுண்ணோக்கியில்தான் காண முடியும்.

மரம் போல் வளரக் காரணம் கலவையில் உள்ள பிற தனிமங்கள். வார்ப்புக்கு மிகுதியாக வழங்கும் ஒரு கலவையில் அலுமினியத்துடன் 7 விழுக்காடு சிலிக்கானும் சிறிது மெக்னீசியமும் இருக்கும். இது 615 டிகிரி அளவில் உறையத் தொடங்குகிறது. உறையும் திண்மம், திரவத்தில் உள்ள சிலிக்கானில் எட்டில் ஒரு பங்கு அடர்வையே ஏற்கிறது. மீதியை வெளியே தள்ளிவிடுகிறது. மணியின் முகப்பில் சிலிக்கான் குவிகிறது. சிலிக்கான் மிகுந்த திரவம் இன்னும் குறைந்த வெப்பநிலையில்தான் உறையும். ஆகவே முகப்பைவிட அதற்குச் சற்று அப்பால் உள்ள திரவமே உறைவதற்கு அதிகத் தயாராக நிற்கிறது. முகப்பில் தற்செயலாக ஒரு மேடு நீண்டால், அது அந்தத் தயாரான திரவத்தை எட்டிப் பிடித்து விரைந்து வளர்ந்துவிடும். இவ்விளக்கத்தை டில்லர், ஜாக்சன், ரட்டர், சால்மர்ஸ் ஆகியோர் 1953இல் கணித முறையில் நிறுவினர்.

குவிந்த சிலிக்கான் மணியின் வளர்ச்சியைத் தடுத்து வேகத்தைக் குறைக்கிறது. அந்த இடைவெளியில் பக்கத்தில் வேறு கருக்கள் பிறக்க நேரம் கிடைக்கிறது. இறுதியாக, ஏறத்தாழப் பாதித் திரவம் கிளைகளுக்கு இடையே மிஞ்சியிருக்கும்போது, அதில் சிலிக்கான் 12.6 விழுக்காட்டை எட்டுகிறது. 577 டிகிரியை ஒட்டி அதுவும் உறைந்து வார்ப்பு முடிகிறது.

பாலுக்கு உறை போல

பால் தயிராவதையும் நாம் உறைதல் என்றுதான் சொல்கிறோம். அதற்குக் கொஞ்சம் மோர் விடுவதை உறை ஊற்றுதல் என்கிறோம். தயிரில் வேலை செய்வது நுண்ணுயிர். உலோகத்தில் உயிர் இல்லை. எனினும் சிறிதளவு சேர்த்து முழுவதின் போக்கையும் திருப்புவது இரண்டுக்கும் பொது. வார்ப்பாலைகளில் அலுமினியத்திற்கும் ஓர் உறை உண்டு. 5 விழுக்காடு டைட்டேனியமும் 1 விழுக்காடு போரானும் கலந்த அலுமினியக் கம்பியே அது. ஒரு டன் உலோகத்துக்கு ஒன்றிரண்டு கிலோ போதும். ஒரு கிலோ கம்பியில் உள்ள டைட்டேனியம் 50 கிராம்தான். டன் ஒன்றுக்கு இது 0.005 விழுக்காடு.

இம்முறையின் அடிப்படையை இங்கிலாந்தில் சிபுலா என்பவர் 1949-50இல் வெளியிட்ட ஆய்வில் தெளிவுபடுத்தினார். கம்பியில் உள்ள டைட்டேனியம் போரைடு துகள்கள் ஒரு மைக்ரான் அளவே இருக்கும். இவை அலுமினியத்தில் கரையாமல் மிதந்து கருவுக்கு இடம் கொடுக்கின்றன. ஆனால் எல்லாத் துகள்களும் பயன்படுவதில்லை. பெரிய துகளில் கரு வளர மிகச் சிறிய மீக்குளிர்வு போதும். அவை முதலில் வேலையைத் தொடங்கி வெப்பத்தை வெளிவிட, சிறிய துகள்களுக்கு வாய்ப்பே வராமல் போகிறது. நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே துகள்கள் மணியாகின்றன என்று கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கிரீர் குழுவினர் 2000ஆம் ஆண்டு காட்டினர்.

இந்த உறைக்குக் குறைகளும் உண்டு. துகளின் அடர்த்தி 4.5, உருகிய அலுமினியத்தின் அடர்த்தி ஏறத்தாழ 2.4. ஆகவே உலோகத்தை வெகுநேரம் நிறுத்திவைத்தால், வெள்ளம் வடிந்தபின் வண்டல் படிவது போலத் துகள்கள் அடியில் படிந்துவிடும். ஊற்றுமுன் கிளற வேண்டும். மற்றொன்று, சிலிக்கான் ஏறத்தாழ 3 விழுக்காட்டைத் தாண்டினால் இவ்வுறை வலுவிழக்கிறது. மணிகள் மீண்டும் பெருக்கின்றன. இதற்காகப் போரான் கூடிய வேறு கலவைகளை வழங்குகின்றனர். இத்துறையில் நம் நாட்டவரின் பங்கும் உண்டு. கரக்பூர் ஐ.ஐ.டி.யின் மூர்த்தி, சக்கரவர்த்தி ஆகியோர் கோரியுடன் சேர்ந்து 2002இல் வெளியிட்ட விரிவான ஆய்வுரை, உலகெங்கும் இத்துறையினர் படிக்கும் ஒன்று.

மணி சிறுக்க வைப்பது வேறு, சிலிக்கானின் வடிவத்தை மாற்றுவது வேறு. இறுதியில் உறையும் சிலிக்கான், தகடு தகடாகக் கூர்மையாக அமைந்தால் வார்ப்பு எளிதில் முறியும். சிறிது சோடியம் சேர்த்தால் அது மெல்லிய இழைகளாக மாறும் என்பதை அலதார் பாட்ஸ் 1920ஆம் ஆண்டை ஒட்டிக் கண்டார். இன்று பெரும்பாலும் ஸ்ட்ரான்ஷியம் சேர்க்கின்றனர். நல்ல வார்ப்புக்கு இரண்டும் தேவை.

சுவாமிமலை அச்சும் இரும்பு அச்சும்

வார்ப்பைக் காண நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, உலர்த்தி, சூடேற்றி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, சூடாக உள்ள அந்த அச்சில் பஞ்சலோகத்தை ஊற்றுகின்றனர். மண் அச்சு வெப்பத்தை மெல்லத்தான் வெளியே விடும். அச்சும் முன்பே சூடாக இருக்கிறது. ஆகவே உலோகம் நிதானமாக ஆறுகிறது. மணிகள் பெருக்கவே இடமுண்டு. ஆனால் சிலைக்கு இது குறையன்று. அதன் விரல் நுனியும் அணிகளின் மடிப்பும் நிரம்பும் வரை உலோகம் ஓட வேண்டும். அதற்குச் சூடான அச்சே தக்கது. சிலை எடையைத் தாங்கி ஆடப்போவதில்லை.

இஞ்சினின் உறுப்பு அப்படியன்று. அதனை இரும்பு அச்சில் வார்த்தால் விரைவில் ஆறி மணியும் கிளையும் சிறுக்கும். மணல் அச்சில் வார்த்தால் தடித்த இடங்களில் இரும்புத் துண்டுகளைப் பதித்து அவ்விடத்தை விரைவாக ஆறச் செய்வர். அளவுக்கு மீறிச் சூடேற்றாமல் ஊற்றுவதும் மணியைச் சிறுக்க வைக்கும். எந்த அச்சு, எந்தச் சூடு என்பதை வார்க்கும் பொருளின் வேலையே முடிவு செய்கிறது.

சிறு மணியின் பயன்

ஒரு கன சென்டிமீட்டரில் 2 மில்லிமீட்டர் பக்கமுள்ள மணிகள் 125 அடங்கும். 0.2 மில்லிமீட்டர் மணிகளானால் 1,25,000 அடங்கும். மணி எல்லைகள் பத்து மடங்கு பெருகும். எல்லைகள் பெருகினால் உலோகம் எளிதில் வளையாது என்பதை ஹால் 1951இலும், பெட்ச் 1953இலும் காட்டினர். ஆயினும் வார்ப்பு அலுமினியத்தில் பெரும்பயன் வேறிடத்தில் இருக்கிறது.

அலுமினியம் உறையும்போது அதன் பருமன் 6 முதல் 7 விழுக்காடு சுருங்குகிறது. இந்தக் குறையை நிரப்ப, அச்சின் மேற்புறத்தில் கூடுதலாக நிற்கும் திரவம் மணிகளுக்கிடையே ஓடிவர வேண்டும். பெரிய மரப்படிகங்கள் கிளையோடு கிளை சிக்கிக்கொண்டால் வழி விரைவில் அடைபடும். உள்ளே குழிகள் விழும். சுருங்கும் இழுப்பில் வார்ப்பு சூட்டோடு சூடாகவே விரிசல் விடுவதும் உண்டு. மணி சிறிதாக இருந்தால் உலோகம் கூழ் போல நகர்ந்துகொடுத்துக் கடைசி வரை இடத்தை நிரப்பும். ஆகவே சிறு மணி என்பது பெரும்பாலும் குழியில்லாத வார்ப்பு என்று பொருள்படும்.

எங்கும் சிறு மணியே நன்று என்றும் சொல்வதற்கில்லை. விமான இஞ்சினின் வெப்பமான சுழலிதழ்களில் மணி எல்லைகளே பலவீனம். எனவே ஓர் இதழ் முழுவதையும் ஒரே மணியாக நிக்கல் கலவையில் வார்க்கின்றனர். ஐதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிக் கூடம் ஹெலிகாப்டர் இஞ்சினுக்காக இத்தகைய இதழ்களைச் செய்து 2021இல் வழங்கியது.

முடிவுரை

நமக்கு நீர் அனுப்பும் மேட்டூரிலேயே, சேர்வராயன் மலைப் பாக்சைட்டைக் கொண்டு 1965 முதல் 2008 வரை அலுமினியம் எடுக்கப்பட்டது. அது இன்று நின்றுவிட்டாலும் அலுமினியம் நம் வயலை விட்டுப் போகவில்லை. இறைக்கும் இயந்திரத்திலும், உழும் இயந்திரத்திலும், அறுக்கும் இயந்திரத்திலும் அது இருக்கிறது.

இனி அந்த மூடிக்கு வருவோம். அதிர்வால் உலோகம் படிகமாகிறது என்பது எங்கள் ஊர் மெக்கானிக் மட்டும் சொன்னதன்று. 1842இல் பாரிசுக்கு அருகே அச்சு முறிந்து பெரும் இரயில் விபத்து நேர்ந்த காலத்தில், பொறியாளர் பலரும் அவ்வாறே எண்ணினர். அதனை மறுத்து, மெல்ல மெல்ல வளரும் விரிசலே காரணம் என்று ராங்கின் 1843இல் எழுதினார். எங்கள் மெக்கானிக் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. அதிர்வு விரிசலை வளர்த்திருக்கும். ஆனால் அந்தப் பெரிய மணிகள் வார்த்த நாளில் பிடித்தவை. விரிசலுக்கு முதல் இடம் கொடுத்தது உள்ளே விழுந்த ஒரு குழியாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து அதனை உறுதியாகச் சொல்ல இயலாது. அறுத்து, மெருகிட்டு, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

இதை என் தந்தையாரிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ கதிரு மாதிரிதான். மணி பிடிக்கிறப்ப கவனிக்காம விட்டுட்டு, களத்துல தூத்தி என்ன பண்றது?" என்றார். நான் இத்தனை பக்கத்தில் எழுதியதன் பொருள் அதுதான். ஒரு வார்ப்பின் தரம் உறையும் சில நிமிடங்களில் பெரிதும் அமைந்துவிடுகிறது. அந்நிமிடங்களைக் கவனித்து வார்ப்பவர் ஒருவர் எங்கோ இருந்தால், இன்னொரு கார்த்திகை மழையில் ஒரு வயல் பிழைக்கும்.